பில்டர் கெப்பாசிட்டர்: சில ரூபா மிச்சம், பெரும் நஷ்டம்

மின்சாதனம் திருத்தும் கடைக்காரரின் இலாபத்தைத் தின்பது, திருத்திக் கொடுத்த சாமான் மீண்டும் கடைக்கே வருவதுதான். இரண்டாம் தடவை கூலி கேட்க முடியாது. ஊரில் பெயரும் கெடும். டீ.வி., வொஷிங் மெஷின் போன்றவற்றில் இப்படித் திரும்பி வருவதற்கு அடிக்கடி காரணமாவது மின்வழங்கியிலுள்ள பில்டர் கெப்பாசிட்டர். மன்னார் பஸாரிலும் எருக்கலம்பிட்டி, சிலாவத்துறைப் பக்கங்களிலும் இத்தொழில் செய்வோரும் உதிரிப்பாகம் விற்போரும் கவனிக்க வேண்டியவை சில.

1. வோல்ட் அளவு: நமது மின்சாரம் 230 வோல்ட். அது டயோட்டைக் கடந்து நேர்மின்சாரமாகும்போது ஏறத்தாழ 325 வோல்ட் வரை உயரும். எனவே இவ்விடத்துக்கு 400 அல்லது 450 வோல்ட் கெப்பாசிட்டரே பொருந்தும். பழையதை விட வோல்ட் கூடலாம். ஒருபோதும் குறையக் கூடாது.

2. வெப்ப அளவு: மேலுறையில் 85 அல்லது 105 பாகை என எழுதியிருக்கும். வெப்பம் 10 பாகை குறையும் ஒவ்வொரு தடவையும் ஆயுள் இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி 2000 மணித்தியாலம் எனக் குறித்த 85 பாகைக் கெப்பாசிட்டர் 65 பாகைச் சூட்டில் சுமார் 8000 மணித்தியாலம் உழைக்கும். அதே 2000 மணித்தியாலக் குறிப்புள்ள 105 பாகைக் கெப்பாசிட்டர் சுமார் 32,000 மணித்தியாலம் உழைக்கும். நான்கு மடங்கு ஆயுள்! மன்னாரின் வெயிலுக்கு 105 பாகையே உகந்தது.

3. மைக்ரோபரட் அளவு: பழையதற்குச் சமமாக இருக்கட்டும். சற்றுக் கூடினால் பாதகமில்லை. மிகவும் கூட்டினால் சுவிட்ச் போடும்போது பாயும் மின்னோட்டம் டயோட்டை எரித்துவிடும்.

4. போலி: சிறிய கெப்பாசிட்டரைப் பெரிய உறைக்குள் வைத்து விற்பதுண்டு. எடை குறைவாக இருந்தால் சந்தேகியுங்கள்; மீட்டரால் அளந்த பின்னரே பொருத்துங்கள். வருடக்கணக்கில் ராக்கையில் கிடந்ததும் பலமிழந்திருக்கும். ஆகவே தேவைக்கேற்பக் கொஞ்சமாக வாங்குவதே புத்தி.

வெளிநாட்டுச் சாமான்கள்

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாதனங்கள் 100 வோல்ட்டுக்கானவை. சவூதியில் வீடுகளுக்கு நெடுங்காலம் 127 வோல்ட் வழங்கப்பட்டது. 230 வோல்ட்டுக்கு மாறும் தீர்மானம் 2010இல்தான் எடுக்கப்பட்டது. இத்தகைய சாதனங்களில் 200 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கலாம். ட்ரான்ஸ்போமர் இன்றி நமது மின்சாரத்தில் போட்டால் அது வெடிக்கும். அதற்குப் பதிலாக 400 வோல்ட் கெப்பாசிட்டரைப் போட்டுவிட்டால் சாதனம் 230 வோல்ட்டைத் தாங்கும் என எண்ண வேண்டாம். ஏனைய பாகங்கள் எரியும். ட்ரான்ஸ்போமர் அவசியம் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு

மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் இதில் உயிருக்கு ஆபத்தான மின் தேங்கி நிற்கும். ரெசிஸ்டர் மூலம் வெளியேற்றி, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். நேர், எதிர் முனைகளை மாற்றிப் பொருத்தாதீர்கள். கசிந்த திரவத்தையும் கடற்காற்றின் உப்புப் படிவையும் துடைக்காமல் விட்டால் போர்டின் செம்புக் கோடுகள் அரித்துப்போகும்.

இறுதியாக ஒன்று. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாமறிந்ததே. மூடிய பெட்டிக்குள் நாம் போடும் பாகத்தையும் வாடிக்கையாளர் பார்ப்பதில்லை. போட்ட கெப்பாசிட்டரின் அளவையும் விலையையும் பில்லில் எழுதி, கழற்றிய பழையதைக் கையில் கொடுங்கள். நம்பிக்கையும் பரக்கத்தும் அதில்தான் உண்டு, இன்ஷா அல்லாஹ்.