தூத்துக்குடியிலிருந்து மலையேறிய படகு

டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். கொடைக்கானல் ஜிம்கானா புல்வெளியில் உறைபனி உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கிறது. பக்கத்து ஏரியிலிருந்து ஆவி மெல்ல எழுகிறது. கரையோரம் குல்லாவும் கம்பளியுமாக ஒருவர் தூண்டிலைப் போட்டுவிட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். படகுத்துறையில் கட்டிப்போட்ட படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கிறது. சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

வெளிநாட்டுக் கடற்கரைகளில் வார இறுதிக்கென்று ஒரு பொழுதுபோக்கு உண்டு. நண்பர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு கயாக் படகைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். பகலெல்லாம் துடுப்புப் போட்டபடி தூண்டில் வீசுவார்கள். இருட்டியதும் கரையில் கூடாரம் அடித்து, அகப்பட்ட மீனைச் சுட்டுச் சாப்பிட்டு, அங்கேயே உறங்குவார்கள். தமிழ்நாட்டிலும் கோவளம், ராமேசுவரம், பிச்சாவரம் பக்கம் கயாக் ஓட்டுகிறவர்களைப் பார்க்க முடிகிறது.

கடலே இல்லாத பழனி மலையில் இந்தப் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். படகு, தூண்டில், கூடாரம் மூன்றுமே இந்த மலைக்குப் பழையவை. அதிலும் கொடைக்கானல் ஏரியில் மிதந்த முதல் படகு வந்ததே கடற்கரையிலிருந்துதான்.

கலெக்டர் கட்டிய ஏரி

1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளக்க வந்தார். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி வந்தவர்கள் அவர்கள். அப்போது இங்கே ஏரி கிடையாது. ஓடைகள் பாய்ந்த சதுப்பு நிலம்தான் இருந்தது.

மதுரைக் கலெக்டராக இருந்த சர் வீர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அந்த ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். சுமார் 60 ஏக்கரில் நட்சத்திரம்போல் கைகால் நீட்டிக் கிடக்கும் இன்றைய ஏரி அப்படி உண்டானது. நீர் நிரம்பியதோடு அவர் விட்டுவிடவில்லை. மீன் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். தூத்துக்குடியிலிருந்து ஒரு படகையும் வரவழைத்தார்.

அந்தக் காலத்தில் அது லேசான வேலையில்லை. மதுரைக்கு ரயில் வந்ததே 1875இல்தான். மலைக்கு வண்டிப்பாதையும் கிடையாது. பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதையில் துரைமார்களையே டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டுதான் ஏறினார்கள். கடலில் மிதக்க வேண்டிய படகு இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மனிதத் தோள்களில் ஏறியிருக்க வேண்டும். லெவிஞ்ச் பெயர் வரலாற்றில் நின்றது. படகைச் சுமந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

1890இல் படகு கிளப் தொடங்கியது. வெகுகாலம் அது உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதாகவே இருந்தது. பொதுமக்களும் சுற்றுலா வருவோரும் படகேற 1932இல்தான் வழி பிறந்தது. இன்று ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வரும் குடும்பம்கூட டிக்கெட் வாங்கிய கையோடு மிதிபடகில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

கட்டுமரத்தின் தம்பி

கயாக் என்ற சொல்லும் படகும் வடதுருவத்து இன்யூட் மக்களிடமிருந்து வந்தவை. எலும்பாலும் மிதந்து ஒதுங்கிய மரத்தாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்து, வேட்டைக்காரர் இடுப்புவரை உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்வார். சத்தமில்லாமல் இரையை நெருங்குவதற்கென்றே பிறந்த படகு அது.

இப்போது மீன்பிடிக்கப் பலர் விரும்பும் கயாக் கொஞ்சம் வேறு. அதில் உள்ளே இறங்க வேண்டியதில்லை, மேலேயே உட்காரலாம். காற்றடைத்த கூடுபோல வார்த்த பிளாஸ்டிக் உடல். உட்காரும் பள்ளத்தில் மேலிருந்து அடிவரை சின்னச் சின்னத் துளைகள் உண்டு. அலை ஏறினால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியே தானாக வடிந்துவிடும். கட்டுமரத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இலேசான கட்டைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்திலும் அலை மேலேறும், இடுக்கு வழியே இறங்கும். தண்ணீரை இறைக்க வேண்டாம், மூழ்கிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். மண்டியிட்டுத் துடுப்புப் போட்டு விடியுமுன் கடலேறிய நம் மீனவர்கள், தனியாள் படகு மீன்பிடியை விளையாட்டாக அல்ல, பிழைப்பாகவே தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தவர்கள்.

மலையடிவாரத்தின் படகு பரிசல். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, அடியில் தோல் போர்த்துவது பழைய முறை; இப்போது பைபர் பரிசலும் வந்துவிட்டது. வைகை அணையில் மீனவர்கள் பரிசலில் போய்த்தான் வலை விரிக்கிறார்கள். கயாக்குக்கு நேர்கோட்டில் ஓடும் குணம் உண்டு. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பைத் தப்பாகப் போட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும்.

மலைமேல் பரிசலில் போக ஆசைப்படுபவர்களுக்கு மன்னவனூர் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். வனத்துறையின் சூழல் சுற்றுலாப் பகுதியில், புல்மேடுகளுக்கு நடுவே உள்ள ஏரியில் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு பரிசலில் ஒரு சுற்று வரலாம். பக்கத்தில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேடுகளில் செம்மறிகள் மேய்கிற காட்சி, வந்திருப்பது தமிழ்நாடுதானா என்று கேட்கவைக்கும்.

தக்கை ஆடினால் போதாது

கொடைக்கானல் ஏரியில் தூண்டில் போட மீன்வளத்துறையின் அனுமதி வேண்டும். குளிர்ந்த மலை நீரில் தாக்குப்பிடிக்கும் மீன்களில் முக்கியமானது சாதாக்கெண்டை. வாயோரம் மீசையோடு, தரையைத் துழாவித் தின்னும் மீன் இது. இந்த இனம் 1939இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்கு வந்துதான் தமிழகத்து மலைகளில் காலூன்றியது.

சாதாக்கெண்டை இரையைப் பார்த்ததும் கவ்வாது. மாவு உருண்டையை வாய்க்குள் உறிஞ்சும், சந்தேகப்பட்டால் துப்பிவிடும். மறுபடி உறிஞ்சும். தக்கை லேசாக ஆடியதுமே கம்பை இழுக்கிறவர்களுக்கு வெறும் முள்தான் மிஞ்சும். தக்கை ஒரேயடியாக ஒரு பக்கம் நகர்ந்து நீருக்குள் இறங்க வேண்டும். அதுவரை கை கம்பின்மேல் சும்மா இருக்க வேண்டும்.

பிடித்த மீனைச் சமைக்கலாமா என்ற கேள்வியைக் கொடைக்கானலில் சாதாரணமாகக் கேட்டுவிட முடியாது. ஊருக்குள் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வு மையத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைப் பதிவு செய்தது. வண்டலில் தங்கிய பாதரசம் அங்கே வாழும் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறும். அதைத் தின்னும் சிற்றுயிர், அதைத் தின்னும் மீன் என்று படிப்படியாகச் செறிவு கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இதில் தனிக்கவனமாக இருக்க வேண்டும். ஆகவே இந்த ஏரியில் பிடித்த மீனைப் பார்த்து மகிழ்ந்து, தாடையில் காயம் பெரிதாகாமல் முள்ளைக் கழற்றி, நீரிலேயே விட்டுவிடுவது நல்லது. மலைப்பூண்டு தட்டிப்போட்டு மீன் குழம்பு வைக்க ஆசையிருந்தால் மீனை அடிவாரச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். பூண்டை மட்டும் இங்கேயே வாங்க வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

கூடாரம் எங்கே அடிப்பது?

இந்த மலையில் கூடாரத்துக்கும் வரலாறு உண்டு. 1901இல் தொடங்கி இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியாக வளர்ந்திருக்கும் பள்ளியின் மாணவர்கள், முதுகுப் பையோடு மலையில் நடந்து முகாமிடுவதை மரபாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் நினைத்த இடத்தில் முளையடித்துப் படுத்த காலம் போய்விட்டது. 2013இல் இந்த மலைக்காடுகளின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமானது.

பேரிஜம் ஏரி இதற்கு நல்ல உதாரணம். ஊரிலிருந்து 21 கிலோமீட்டரில், சோலைக்காட்டின் நடுவே அசையாமல் கிடக்கும் நீர். பார்த்தவுடன் படகை இறக்கத் தோன்றும். ஆனால் பெரியகுளத்து மக்கள் குடிக்கும் தண்ணீர் அது. காட்டுமாடும் யானையும் இறங்கும் துறையும் அதுவே. வனத்துறை அனுமதிச் சீட்டோடு பகலில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். படகும் கிடையாது, இரவுத் தங்கலும் கிடையாது.

கட்டுப்பாடுகளுக்குப் பின்னால் உயிர்ச்சேதம் இருக்கிறது. 2018 மார்ச் 11இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. கொடைக்கானலிலும் அனுமதியில்லாமல் டென்ட் போட்டு ஆட்களைத் தங்கவைப்போர்மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கிறார்கள். குழுவாக வருகிறவர்கள் முன்பணம் கட்டுமுன், அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டு, தாளையும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

சொந்தக் கயாக் கொண்டுவருவோர் ஏரியில் இறக்குமுன் நகராட்சியிடம் கேட்டுக்கொள்வது அவசியம். 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. நீரில் இறங்கும்போது ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனத்து, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி ஈரத்திலும் ஓரளவு கதகதப்பு தரும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்புச் சட்டையைக் கழற்றக் கூடாது. குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு திணறும். கைகால் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது. இருவர் இருவராகச் சேர்ந்தே போக வேண்டும்.

பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்க்கரை சட்டென்று மறைந்துவிடும். அப்போது படகுத்துறை ஊழியர்கள் கரையில் நின்று, இன்னும் உள்ளே இருக்கும் படகுகளை எண்ணிக் கூப்பிடுகிறார்கள். ஏரியின் மிகுநீர் ஊர் எல்லையைத் தாண்டி, மலைப்பாதை ஓரத்தில் சுமார் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஊர் திரும்பும் வண்டிகள் அங்கே கடைசியாக ஒருமுறை நிற்கின்றன. காலையில் துடுப்புப் போட்ட அதே நீரில் பிள்ளைகள் கையை நனைத்துக்கொண்டு ஏறி உட்காருகிறார்கள்.