சிறந்த சிப் இருந்தும் சந்தை கிடைக்காத கதை

கணினிச் செயலி என்றாலே இன்டெல்தான் என்றிருந்த 2003ஆம் ஆண்டில், ஏஎம்டி நிறுவனம் ஏப்ரலில் ‘ஆப்டெரான்’, செப்டம்பரில் ‘அத்லான் 64’ என்று இரண்டு செயலிகளை வெளியிட்டது. பழைய 32 பிட் மென்பொருள்களும் புதிய 64 பிட் மென்பொருள்களும் அவற்றில் தடையின்றி ஓடின. அடுத்த ஆண்டே இன்டெலும் இதைச் சாத்தியமாக்கிய கட்டளைத் தொகுதியைத் தன் செயலிகளில் சேர்த்துக்கொண்டது. இவ்வளவு பெரிய நிறுவனம் போட்டியாளரின் வழிக்கு வருவது அபூர்வம்.

ஆனாலும் சந்தை கைமாறவில்லை. கணினி நிறுவனங்களுக்குத் தள்ளுபடிகள் கொடுத்துத் தன்னை ஓரங்கட்டுவதாக இன்டெல் மீது ஏஎம்டி 2005இல் வழக்குப் போட்டது. 2009இல் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமரசம் செய்துகொண்டது. இந்த வழக்கைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு இணையாகப் பேசவேண்டியது ஆலைக் கணக்கு. ஏஎம்டியின் செயலிகள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த ஒரே ஆலையை நம்பியிருந்தன. அங்கே ஓடியது 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபர், அதாவது சிப்புகள் செய்யப்படும் சிலிக்கான் வட்டு. இன்டெலோ பல நாடுகளில் ஆலைகளை வைத்துக்கொண்டு, 2002 முதலே 300 மில்லிமீட்டருக்கு மாறத் தொடங்கியிருந்தது. விட்டம் ஒன்றரை மடங்கு என்றால் பரப்பளவு இரண்டேகால் மடங்கு. ஏறத்தாழ அதே வேலையில் இரு மடங்குக்கும் மேல் சிப்! டிரெஸ்டனில் ஏஎம்டியின் 300 மில்லிமீட்டர் ஆலை திறந்தது 2005 அக்டோபரில்தான்.

இங்கே அவசரத்துக்கு வழியில்லை. வேஃபர் உள்ளே போய்ச் சிப்பாக வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். புதிய ஆலை எழும்ப ஆண்டுக்கணக்கில் ஆகும். இன்று கேட்கும் வாடிக்கையாளருக்கு, பல ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த முடிவுதான் பதில் சொல்கிறது.

ஆலைச் செலவைச் சுமக்க முடியாமல் ஏஎம்டி 2009இல் தன் ஆலைகளைப் பிரித்து, அபுதாபி அரசின் முதலீட்டோடு ‘குளோபல்ஃபவுண்டரீஸ்’ ஆக்கியது. அந்த நிறுவனமும் 2018இல் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. ஏஎம்டி தைவானின் சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியிடம் போனது. அதே ஆண்டு இன்டெலுக்கும் நெருக்கடி. அதன் 10 நானோமீட்டர் தொழில்நுட்பம் ஆண்டுக்கணக்கில் தாமதமானதால், பழைய 14 நானோமீட்டர் ஆலைகள் மீதே எல்லாப் பாரமும் விழுந்து, செயலிக்குத் தட்டுப்பாடு வந்தது. 2003இல் ஏஎம்டியைக் கட்டிப்போட்ட அதே பிரச்சினை!

2019இல் ஏஎம்டி செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரே பெரிய சிப்புக்குப் பதில், சுமார் 74 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள சிறு சிப்புகளைச் செய்து, தேவைக்கேற்பச் சேர்த்துச் செயலியாக்கியது. ஒரு வேஃபரில் பத்து இடங்களில் பழுது என்று வையுங்கள். அதில் 100 பெரிய சிப்புகள் இருந்தால் பத்து வரை வீண். நூற்றுக்குப் பத்து நஷ்டம். அதே வேஃபரில் 800 சிறு சிப்புகள் இருந்தாலும் பழுதாவது அதே பத்துதான். நஷ்டம் நூற்றுக்கு ஒன்றேகால். ஒரு ஆலைகூடப் புதிதாகக் கட்டாமல், தேறும் சிப்புகளைக் கூட்டும் வழி இது. உற்பத்தித் திறன் என்பது கட்டடத்தில் மட்டுமில்லை, வரைபடத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆப்பிள், என்விடியா, ஏஎம்டி மூன்றும் டிஎஸ்எம்சியிடம்தான் இடம் கேட்கின்றன. ஒருவருக்குக் கூடுதல் வேஃபர் போனால் இன்னொருவருக்குக் குறையும். வடிவமைப்பில் எத்தனை பேர் மோதினாலும், மிக நுண்ணிய சிப்புகளைப் பெருமளவில் செய்து தரும் ஆலைகள் ஓரிருவரிடம் மட்டுமே இருந்தால் அதை முழுமையான போட்டி என்று சொல்ல முடியாது. 2024இல் இன்டெல் வெளியிட்ட ‘லூனார் லேக்’ செயலியின் கணக்கிடும் பகுதியைச் செய்து கொடுத்ததும் டிஎஸ்எம்சிதான்.