டப்பா அடியில இருக்குது மேட்டர்!

தேதி 27. பர்ஸைத் திறந்தா பழைய பஸ் டிக்கெட்தான் இருக்கு. ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கற உங்களுக்குப் பழகின சீன்தானே? அப்படியே அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வாங்க பாஸ்!

வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கற மானாவாரி பூமி இது. மழை ஏமாத்திட்டா காய்கறிக்கு எங்கே போறது? அதனால இங்கே எதையும் வீசற பழக்கமே கிடையாது.

மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தினா, காலையில பழைய சோறு. அதுவும் மிஞ்சினா உப்பு, சீரகம், மிளகாய் சேர்த்து அரைச்சு, துணியில கிள்ளி வெச்சா வடகம். தயிர் புளிச்சுடுச்சா? கடைஞ்சு உப்புப் போட்டு, கீறின பச்சைமிளகாயை ராத்திரி ஊறவைங்க. பகல்ல வெயில். ராத்திரி திரும்ப அதே மோர். மோர் வத்தினதும் மோர்மிளகாய் ரெடி! தானா படர்ந்து காய்க்கற மிதுக்கங்காயும் இங்கே வத்தல்தான். ஈரம் போயிட்டா பூஞ்சைக்குப் பிழைக்க வழியில்லை. இதையே ‘டிரையிங்’னு கெமிக்கல் இன்ஜினீயரிங்ல படிச்சு அரியர் வைக்கறாங்க நம்ம பசங்க.

டப்பா அடியில ஒரு பிடி காணம் இருக்கா? அதாங்க, கொள்ளு. வறுத்து, நாலு முண்டு மிளகாய் (2023-ல புவிசார் குறியீடு வாங்கின ராமநாதபுரம் பார்ட்டி!), பூண்டு, புளி, உப்பு வெச்சு அரைங்க. துவையல்!

நான் ஃபீஸ் கட்டின மாசம், மூணு வாரம் எங்க வீட்ல காய்கறியே வாங்கலை. லீவுக்குப் போன எனக்கு அது தெரியவே இல்லை. தட்டுல தினம் ஒரு ருசி. தங்கச்சிதான் போட்டுக் கொடுத்தா.

அம்மாகிட்டே கேட்டேன். "வெஞ்சனம் நல்லாருந்துச்சுல்ல... பெறகென்னடா?"ன்னுட்டு, அடுத்த டப்பாவைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க.