பட்டாசுக் கடைக்கு லைசென்ஸ்

தற்காலிகப் பட்டாசுக் கடை வைக்க விரும்புவோர் மனுச் செய்யலாம் என்ற மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பு, தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னதாகப் பத்திரிகைகளில் வெளிவந்ததும், இ-சேவை மையங்களில் வியாபாரிகள் கூடத் தொடங்குகிறார்கள். அவர்களில் ஒருவருடைய மனு நிராகரிக்கப்பட்டால் அதிகாரியின் பிடிவாதமே காரணம் என்று பேசுவது வழக்கமாயிருப்பினும், காகிதத்தில் காட்டியதும் ஸ்தலத்தில் உள்ளதும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையே பெரும்பாலும் அதற்கு மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சட்டத்தின் கண்ணில் மத்தாப்பும் வெடிபொருளே. 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும், அதன்கீழ் 2008இல் இயற்றப்பட்ட விதிகளும் இதற்கு ஆதாரம். பெரிய அளவிலான உற்பத்திக்கும் இருப்புக்கும் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட 'பெசோ' என்னும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்தை அணுகவேண்டும். தற்காலிகக் கடைக்கு மாவட்ட நிர்வாகமும், பெருநகரங்களில் போலீஸ் கமிஷனரும் உரிமம் வழங்குகிறார்கள்.

மனுவோடு இணைக்கும் ஆவணங்களில் பிரதானமானது வரைபடம். தற்காலிகக் கடைகள் எளிதில் தீப்பற்றாத பொருளால் அமைக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று 3 மீட்டருக்குக் குறையாத இடைவெளியுடன், மனிதர் வசிக்கவோ கூடவோ செய்யும் கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளி, எதிரும் புதிருமாக இல்லாமல் இருக்கவேண்டும் என்பதும், ஒரே தொகுதியில் 50 கடைகளுக்குமேல் கூடாது என்பதும் விதி. நிரந்தரக் கடையோ 9 முதல் 25 சதுர மீட்டர் பரப்புள்ளதாய், தரைத்தளத்தில், மேல்மாடியில் குடியிருப்பு இல்லாததாய், அவசரவழிக் கதவு வெளிப்புறமாகத் திறப்பதாய் அமையவேண்டும். இத்தனையும் அதிகாரிக்குப் புலப்படவேண்டுமானால் கடையின் நாலு சுவர்களை மட்டும் வரைந்து தருவது போதாது. சுற்றுப்புறத்துத் தேநீர்க் கடையும், மின்மாற்றியும், உணவு விடுதியின் அடுப்பங்கரையும் தூரத்தோடு அதில் இடம்பெறவேண்டும். 2021 அக்டோபரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரத்தில் பட்டாசுக் கடையில் பற்றிய தீ அருகிலிருந்த பேக்கரிக்குப் பரவி, அங்கிருந்த எரிவாயு சிலிண்டர்களும் வெடித்துப் பல உயிர்கள் மாண்ட கோரத்தை நினைத்துப் பார்ப்பவர், அக்கம்பக்கத்தை வரைபடத்தில் மறைக்கத் துணியமாட்டார்.

ஏனைய பிழைகள் சிறியவை. ஆயினும் காலவிரயத்துக்கு அவை போதும். வாடகை ஒப்பந்தம் தமையன் பெயரிலும் மனு தம்பி பெயரிலும் இருப்பது, வரி ரசீதின் கதவு எண்ணும் மனுவில் கண்ட எண்ணும் வேறுபடுவது, கட்டணம் செலுத்திய சலானை இணைக்க மறப்பது ஆகியவை இவ்வகையின.

இருப்பின் அளவு விஷயத்தில் மட்டும் சற்றும் அசட்டை கூடாது. அனுமதி எளிதில் கிடைக்கும் என்று குறைவாக எழுதிவிட்டு அதிகமாய் அடுக்கிவைப்பது பிழையன்று, குற்றம். தீயணைப்புத் துறையினர் தடையின்மைச் சான்று தருவதற்கு முன் செய்யும் சோதனை முழுவதும் அந்த அளவை நம்பியே நடைபெறுகிறது. பேரியம் உப்புக் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்திருப்பதால், கொள்முதல் செய்யும் சரக்கு எத்தகையது என்பதையும் உற்பத்தியாளரிடம் முன்கூட்டியே விசாரித்தறிவது அவசியம்.

மனுவைச் சமர்ப்பிப்பதற்கு முன், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு நாடாவுடன் ஸ்தலத்தை ஒருமுறை சுற்றிவந்து, பண்டிகைக்காகப் பக்கத்தில் யாரேனும் புதிதாகப் பந்தலோ அடுப்போ போட உத்தேசித்திருக்கிறார்களா என்று விசாரித்து, மாறுதல் இருந்தால் படத்தையே புதிதாக வரையச் செய்வது நல்லது.