வழியோரச் சத்திரத்தில் ஒரு ராத்திரி

அம்மா மதுரையிலிருந்து வந்து மூணு வாரம் ஆகியிருந்தது. நயாகரா பார்த்தாச்சு, பாஸ்டன்ல படகும் ஏறியாச்சு. "படிப்பு முடிஞ்சதும் ஊருக்கு வந்துடுவேல்ல?"ங்கிற கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லலை. இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருக்கச் சொல்லி வந்த கடிதம் என் பையில் இருந்தது. அதை எங்கேயாவது வெளியூரில் வைத்துச் சொல்லலாம்னு ஒரு கோழைத்தனமான திட்டம். ஸ்டைபண்டில் மிச்சம் பிடித்த காசில், பாஸ்டனுக்கு மேற்கே சுமார் இருபது மைலில் சட்பரி ஊரிலிருக்கும் லாங்ஃபெல்லோஸ் வேய்சைடு இன்னில் ஒரு ராத்திரிக்கு அறை போட்டேன். மொத்தமே பத்து அறைதான்.

"மங்கம்மா சத்திரம் மாதிரியாடா?" என்றார் அம்மா. கிட்டத்தட்ட அதேதான். 1716-ல் டேவிட் ஹோ என்பவர் லைசன்ஸ் வாங்கி, குதிரை வண்டிப் பயணிகளுக்காகத் தன் வீட்டையே சத்திரமாக்கினார். அப்பா, மகன், பேரன்னு நாலு தலைமுறை நடத்தி, 1861-ல் கடைசி ஆள் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் கவிஞர் லாங்ஃபெல்லோ வந்து பார்த்துட்டுப் போய், 1863-ல் இதை வைத்து ஒரு புத்தகமே போட்டுவிட்டார். பேரும் புகழும் அதனால் வந்ததுதான்.

1923-ல் இதை வாங்கினவர் யாருன்னு நினைக்கிறீங்க? ஹென்றி ஃபோர்ட்! ஊரையே காரால் நிரப்பின மனுஷன், கார் இல்லாத காலத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். வண்டிகள் வாசலில் போகக் கூடாதுன்னு நெடுஞ்சாலையையே தன் செலவில் தள்ளிப் போட வைத்தாராம். பக்கத்திலேயே 1929-ல் ஒரு தண்ணீர்ச் சக்கர மாவு மில்லும் கட்டினார். அம்மா அந்தக் கல்லைப் பார்த்துட்டு, "இது நம்ம திருகைதானே" என்று நகர்ந்துவிட்டார்.

1955 டிசம்பரில் தீப்பிடித்துக் கட்டடத்தில் பெரும்பகுதி போய்விட்டதாம். ஃபோர்ட் அறக்கட்டளைப் பணத்தில் திரும்பக் கட்டி 1958-ல் திறந்திருக்கிறார்கள். எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. "அப்போ இது பழசே இல்லையே, இதுக்கா இவ்வளவு காசு?"

"நம்ம வீட்டுக்கு எண்பத்தேழுல ஓட்டைப் பிரிச்சு கான்கிரீட் போட்டோம். அதுக்காக உங்க தாத்தா வீடு இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் அம்மா. நான் வாயை மூடிக்கொண்டேன்.

ராத்திரி சாப்பாட்டில் 'இந்தியன் புட்டிங்'னு பார்த்ததும் அம்மாவுக்கு ஒரே குஷி. வந்தது சோளமாவைப் பாலிலும் மொலாசஸிலும் கலந்து நிதானமாக வேகவைத்த ஒரு பழுப்புக் குழைவு. வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் சோளமாவை 'இந்தியன்' மாவுன்னு சொன்னதால் வந்த பேர், நமக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. "வெல்லம் போட்ட களிடா" என்று தட்டை வழித்துச் சாப்பிட்டார் :-)

அறையில்தான் விஷயமே. இங்கே தங்குகிறவர்கள் டிராயருக்குள்ளும் சந்து பொந்திலும் துண்டுச்சீட்டு எழுதி ஒளித்துவிட்டுப் போவது வழக்கம். 'சீக்ரெட் டிராயர் சொசைட்டி'ன்னு பேர் வேற. (பேய்க் கதையும் உண்டு. அம்மாகிட்ட மூச்சு விடலை.) ஒவ்வொன்றாகப் பிரித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். தேனிலவு ஜோடி, மனைவி போன பிறகு அதே அறைக்குத் தனியாக வந்தவர், மகளைக் காலேஜில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் தங்கிய ஒரு அப்பா. அந்த அப்பா சீட்டை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார் அம்மா.

அப்புறம்தான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை. "ரெண்டு வருஷமா?" என்றார். "ம்" என்றேன். "ஒரு பேப்பர் குடு" என்றார்.

மேஜை விளக்கடியில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் எழுதினார். நாலாய் மடித்து டிராயரின் ஆழத்தில் தள்ளிவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் சீட்டையெல்லாம் கூச்சமில்லாமல் படித்தவன், அதைத் தொடலை. காலையில் அவர் குளிக்கப் போனபோது டிராயர் வரைக்கும் போய்த் திரும்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டேன். "தமிழ்லதான எழுதினேன், அங்க எவன் படிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார்.