ஆடை ஆலோசனை: யார் சொல்வதைக் கேட்பது?

வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு எந்த நிறச் சட்டை பொருந்தும்? தங்கையின் திருமண வரவேற்புக்குக் கோட்டு தைப்பதா, ஆயத்தமாக வாங்குவதா? இத்தகைய கேள்விகளை ஒரு தலைமுறைக்கு முன் ஆண்கள் அண்ணனிடம் கேட்டனர், மாமாவிடம் கேட்டனர், தெருமுனைத் தையற்காரரிடம் கேட்டனர். இன்று கைப்பேசியிடம் கேட்கின்றனர். அண்ணனுக்குத் தெரிந்தது சிறிதளவே. ஆயினும் அவர் நமக்குச் சட்டை விற்கவில்லை. கைப்பேசித் திரையில் பேசுவோருக்குத் தெரிந்தது ஏராளம். அவர்களுள் பலர் ஏதேனும் ஒரு வகையில் விற்பனையோடு தொடர்புடையவர்கள்.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. பரஸ்பர நிதித் திட்டமொன்றைப் பரிந்துரைப்பவர், அந்நிதி நிறுவனத்திடம் தரகு பெறும் விநியோகஸ்தராக இருக்கலாம். அல்லது நம்மிடம் கட்டணம் பெற்று ஆலோசனை வழங்கும், செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகராக இருக்கலாம். இருவருமே நேர்மையாளர்களாக இருக்கக்கூடும். எனினும் அவர்களுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே அவர்கள் சொல்லை எடைபோடுகிறோம். ஆடை ஆலோசனைக்கும் இதே அளவுகோலைக் கையாளலாம் என்பது என் கருத்து. சில ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை ஆராய்ச்சியா என்று தோன்றலாம். முதல் மாதச் சம்பளம் வாங்கும் இளைஞருக்கு அந்தச் சில ஆயிரம் சிறு தொகையன்று.

இன்று மிகுதியாகக் கேட்கப்படும் குரல், இன்ஃப்ளூயன்சர் எனப்படும் காணொளியாளர்களுடையது. இவர்களுக்கு வருமானம் பல வழிகளில் வருகிறது. ஆடை நிறுவனம் நேரடியாகப் பணம் தரலாம். ஆடையை இலவசமாக அனுப்பலாம். காணொளியின் கீழுள்ள இணைப்பைச் சொடுக்கி நாம் வாங்கும்போது விற்பனையில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகலாம். இவற்றுள் எதுவும் குற்றமன்று. மறைப்பதுதான் தவறு. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் வகுத்த நெறிமுறைகள் 2021 ஜூன் 14 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றின்படி, பணம் பெற்றிருந்தாலும் பொருளை இலவசமாகப் பெற்றிருந்தாலும், அது விளம்பரம் என்பதைப் பார்ப்பவர் கண்ணில் படுமாறு குறிப்பிட வேண்டும். வரிசையாக அடுக்கிய ஹேஷ்டேக்குகளின் நடுவே அதை ஒளித்து வைக்கக் கூடாது. 15 விநாடி வரையிலான காணொளியில் அக்குறிப்பு குறைந்தது 3 விநாடி நிற்க வேண்டும். அதனினும் நீண்டு 2 நிமிடத்துக்குள் அமையும் காணொளியில், மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிற்க வேண்டும்.

மேற்கண்ட கவுன்சில் விளம்பரத் துறையினர் தாமே அமைத்துக்கொண்ட அமைப்பு. சட்டப்படியான அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் உள்ளது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காக, அதில் தோன்றிப் பரிந்துரைப்பவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. எனவே, ‘பணம் பெற்றுச் செய்யப்பட்டது’ என்று வெளிப்படையாகச் சொல்பவரைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் ஒரே நிறுவனத்தைப் புகழ்ந்துவிட்டு எதுவும் சொல்லாமல் முடிப்பவரிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஒளிவுமறைவு இல்லாவிடினும் இத்தகைய ஆலோசனைக்கு இயல்பான ஒரு சாய்வு உண்டு. புதியதை வாங்கச் சொன்னால்தான் அடுத்த காணொளிக்குப் பொருள் கிடைக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் காலோடு ஒட்டிய கால்சட்டையே ஆண்மைக்கு அழகு என்றனர். இப்போது அகன்ற கால்சட்டை அணியாதவர் காலத்தால் பின்தங்கியவர் என்கின்றனர். இரண்டையும் நம்பியவரின் அலமாரி இருமுறை மாறியிருக்கும். இவர்களால் பயனே இல்லை என்பதன்று. டை முடிச்சுப் போடுவது, சட்டையின் கழுத்துப்பட்டையை இஸ்திரி செய்வது போன்றவற்றைக் கற்க இவர்களைவிட நல்ல ஆசிரியர் இல்லை. நம் உயரமும் உடல்வாகும் கொண்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய பழைய காணொளிகளையும் பாருங்கள். ஓராண்டுக்கு முன் புகழ்ந்த சட்டையை இன்றும் அவர் அணிந்திருந்தால், அந்தப் புகழ்ச்சிக்கு மதிப்பு உண்டு.

விற்பனைத் தளங்களின் பக்கங்களையும் ஆலோசனை என்றே கொள்ளலாம். எது அழகு என்று அவை கூறுவதைக் கடந்துவிட்டு, துணியின் கலவையையும் அளவு அட்டவணையையும் மட்டும் படியுங்கள். அங்கே பொய் சொன்னால் பொருள் திரும்பி வரும், செலவு விற்பவருக்கு. ஆகவே அப்பகுதி பொதுவாக நம்பத் தகுந்தது. ஆனால் அதைப் படிப்பதற்குச் சற்றுப் பயிற்சி வேண்டும். சில நிறுவனங்களின் அலுவல் சட்டைகளில் 40 என்பது சென்டிமீட்டரில் கழுத்துப்பட்டையின் அளவு. வேறு சில சட்டைகளில் அதே 40 அங்குலத்தில் மார்புச் சுற்றளவு. அட்டவணையில் இருப்பது உடலின் அளவா, தைத்த ஆடையின் அளவா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆடையின் மார்பளவு உடலின் மார்பளவைவிடச் சில அங்குலம் கூடுதலாகவே இருக்கும் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொண்டால் சட்டை ஒன்று இறுகும் அல்லது தொங்கும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. உங்களிடம் மிகப் பொருத்தமாக உள்ள சட்டையைப் பொத்தான் போட்டு மேசைமீது விரியுங்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள்பட்டைத் தையலிலிருந்து தையல் வரையிலும், பின்கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரையிலும் அளந்துகொள்ளுங்கள். இந்த மூன்று எண்களையும் கைப்பேசியில் குறித்து வைத்து, ஆடையின் அளவோடு ஒப்பிட்டு வாங்கினால் திருப்பி அனுப்பும் வேலை பெரிதும் குறையும்.

ஆடை அளவுகளில் இத்தனை குழப்பம் இருப்பதற்குக் காரணம், இந்தியருக்கென்று பொதுவான அளவு முறை நடைமுறைக்கு வராததுதான். இதற்காகவே தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தை மேற்கொண்டது. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில் முப்பரிமாண ஸ்கேனர்களால் அளவெடுப்பது அதன் நோக்கம்.

மூன்றாம் வகையினர், ஆடையின் நுட்பங்களை ஆழ்ந்து எழுதுவோர். லண்டனைச் சேர்ந்த சைமன் கிராம்ப்டன் 2007-இல் தொடங்கிய ‘பெர்மனென்ட் ஸ்டைல்’ இவ்வகையில் நன்கு அறியப்பட்டது. (அவரும் சில ஆடைகளை விற்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.) கோட்டின் மார்புப் பகுதிக்குள் இருக்கும் உட்துணி தைக்கப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பதை விற்பனைப் பக்கங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒட்டியதில் பசை விட்டுப்போனால் மேல்துணி கொப்புளம் போல எழும்பும். தைத்தது நீடித்து உழைக்கும், விலையும் கூடும். இத்தகைய செய்திகளை இவர்களிடம்தான் அறியலாம். என்றாலும் அறிவுரை குளிர் நாட்டிலிருந்து வருகிறது. அடுக்கடுக்காக அணிவது, கனத்த கம்பளித் துணி ஆகியவை ஜனவரி மாத டெல்லிக்குப் பொருந்தும். மும்பையிலோ சென்னையிலோ மே மாதத் திருமணத்துக்குப் பொருந்தா. அங்கே காற்றுப் புகும் நெசவும், முதுகுப் பகுதியில் உட்துணி இல்லாத தையலுமே தேவை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் கோட்டு அணிபவருக்கு ஒட்டிய வகையே போதும் என்பேன்.

வாங்கியவர்களின் கருத்துரைகள் வேறொரு தனி உலகம். போலிக் கருத்துரைகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அதைப் பின்பற்றுவது விருப்பத்தின்பாற்பட்டதாகவே அமைந்தது. ஆகவே வடிகட்டும் வேலை நம்முடையது. ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சிகள் பெரும்பாலும் பொருள் வந்த அன்றே எழுதப்படுபவை. மூன்று நட்சத்திரம் தந்தவர்களைப் படியுங்கள்: மூன்றாவது துவையலில் சாயம் போயிற்று, தோள் இறுகியது, படத்தில் நீலம், கையில் ஊதா என்பவற்றை அவர்களே சொல்வார்கள்.

பழைய ஆலோசகரான தையற்காரரையும் கைவிட வேண்டாம். இடுப்பு, கைநீளம், கால்நீளம் ஆகியவற்றைச் சிறு செலவில் திருத்திவிடுவார். தோளைத் திருத்துவது கடினம். எனவே வாங்கும்போது தோள் பொருந்துகிறதா என்று மட்டும் பிடிவாதமாகப் பாருங்கள். திருத்திய ஆடையைக் கடை திரும்பப் பெறாது என்பதால், விலைச்சீட்டைக் கத்தரிக்கும் முன் அணிந்து, உட்கார்ந்து, கைகளைத் தூக்கிப் பார்த்துவிடுவது நன்று.

விலையைப் பொறுத்தவரை எங்கள் துறையின் கணக்கு ஒன்று உதவும். 6,000 ரூபாய்க் கோட்டை மூன்று முறை அணிந்தால் ஒருமுறைக்கு 2,000 ரூபாய். 1,800 ரூபாய்க் கால்சட்டையை 150 முறை அணிந்தால் 12 ரூபாய். கோட்டை வாடகைக்கு எடுப்பதும் கால்சட்டையில் நல்ல துணி வாங்குவதும் இக்கணக்கில் தாமே வெளிப்படும். ‘இப்போது வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள்’ என்ற பொத்தானை அழுத்தும் முன், அது கடன் என்பதையும், தவணை தவறினால் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் அது இடம்பெறக்கூடும் என்பதையும் நினைவிற்கொள்க. வீட்டுக் கடன் கேட்டு வரும்போது அந்தப் பதிவையும் நாங்கள் பார்க்கிறோம்.

காணொளியின் கீழே, நம்ப முடியாத தள்ளுபடியோடு அறியாத தளத்தின் இணைப்பு இருந்தால், அதன் வழியே பணம் செலுத்தாதீர்கள். செலுத்தி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள். பொருள் தரமற்றதாக வந்து, விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ரசீதையும், விளம்பரத்தின் திரைப்படப் பதிவையும் கையில் வைத்துக்கொண்டு அழைத்தால் புகாரைப் பதிவு செய்வது எளிது.