பன்முக ஆட்டக்காரர் மதிப்பீடு

பன்முக ஆட்டக்காரர் மதிப்பீடு என்பது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஆடத் தகுதி பெற்ற ஓர் ஆட்டக்காரர் அணிக்குத் தரும் கூடுதல் பயனைக் கணிக்கும் முறை ஆகும். இது அமெரிக்காவின் கற்பனை அடிபந்தாட்டத்தில் பெரிதும் பயன்படுகின்றது. துடுப்பாட்ட அணித் தேர்விலும் இதே கேள்வி எழுவதுண்டு. திருநெல்வேலியில் பிறந்த விஜய் சங்கர் 2019 உலகக்கிண்ண இந்திய அணிக்குத் தேர்வு செய்யப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

கற்பனை அடிபந்தாட்டம்

இதில் பங்கேற்பவர்கள் உண்மையான ஆட்டக்காரர்களைத் தெரிந்தெடுத்துத் தமக்கென ஓர் அணி அமைப்பர். அவ்வாட்டக்காரர்களின் களச் செயற்பாடு அணியின் புள்ளிகளாகக் கணக்கிடப்படும். 1980 இல் டேனியல் ஓக்ரெண்டும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய ரொட்டிசெரி கூட்டிணைவு இதன் இன்றைய வடிவத்திற்கு அடிப்படையாகும். ஓரிடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்டங்களை ஆடியவரே அவ்விடத்திற்குத் தகுதி பெறுவார்.

கணிக்கும் முறை

எவரும் தெரிந்தெடுக்காமல் எஞ்சியிருப்பவர்களுள் சிறந்தவரின் புள்ளி, அவ்விடத்தின் மாற்று அளவு எனப்படும். ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு, அவர் இவ்வளவைவிட எத்தனை புள்ளி மிகுதியாகப் பெறுகின்றார் என்பதாகும்.

ஒருவர் 60 புள்ளிகள் பெறுவதாகக் கொள்வோம். முதல் தளக் காப்பாளருக்கு மாற்று அளவு 40 என்றும், பந்து பிடிப்பாளருக்கு 25 என்றும் கொண்டால், அவரது மதிப்பு முறையே 20, 35 ஆகும். இரண்டுக்கும் தகுதி பெற்றவராயினும் அவரது மதிப்பு 35 மட்டுமே, 55 அன்று. ஏனெனில், ஒரு நேரத்தில் ஓரிடத்தையே அவரால் நிரப்ப முடியும். இதற்கு மேல் அவர் தருவது காப்பீடு போன்ற பயனாகும். எவரேனும் காயமுற்றால் அவ்விடத்திற்கு இவரை மாற்றலாம்.

விஜய் சங்கர்

2019 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட 15 பேர் கொண்ட அணியில், துடுப்பாட்ட வரிசையில் நான்காம் இடத்தில் ஆடிவந்த அம்பாட்டி ராயுடு இடம்பெறவில்லை. மட்டைவீச்சு, பந்துவீச்சு, களத்தடுப்பு ஆகிய மூன்றும் வல்லவர் என விஜய் சங்கரின் தேர்வுக்குத் தேர்வுக்குழுத் தலைவர் எம். எஸ். கே. பிரசாத் காரணம் கூறினார். இத்தேர்வு பெரும் விவாதத்திற்கு உள்ளானது.

சூன் 16 அன்று மான்செஸ்டரில் பாக்கித்தானுக்கு எதிரான ஆட்டத்தில் புவனேசுவர் குமார் காயமுற்று ஓவரின் நடுவே வெளியேறினார். எஞ்சிய பந்துகளை வீச வந்த விஜய் சங்கர், உலகக்கிண்ணத்தில் தாம் வீசிய முதற் பந்திலேயே இமாம் உல் ஹக்கை வீழ்த்தினார். மேற்கூறிய காப்பீட்டுப் பயன் இங்கு வெளிப்பட்டது. எனினும், மட்டையால் அவர் 3 ஆட்டங்களில் 58 ஓட்டங்களே பெற்றார். பின்னர் கால்விரற் காயத்தால் தொடரிலிருந்து விலகினார்.

வரம்புகள்

முதன்மைப் பணியில் மாற்று அளவைத் தாண்டாதவருக்குப் பன்முகத் தகுதி பெரும் மதிப்பைத் தாராது. அவர் காயமுற்றால் அணி இரு பயன்களையும் ஒருங்கே இழக்கும். விதிமாற்றமும் இம்மதிப்பைக் குறைக்கக்கூடும். 2023 தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடரின் இறுதியாட்டம் திருநெல்வேலி சங்கர் நகர் திடலில் நடைபெற்றது. அத்தொடரில் ஆட்டத்தின் இடையே ஒருவரை மாற்றிக்கொள்ளும் இம்பேக்ட் பிளேயர் விதி அறிமுகமானது. இவ்விதியின்படி ஒரு மட்டையாளரும் ஒரு பந்துவீச்சாளரும் ஓரிடத்தைப் பகிர்ந்துகொள்ள இயலும்.